ஆடையில் தெரியாத செல்வம்



கையில் காசு சேர்ந்தால் அது கழுத்திலும் காதிலும் தெரியவேண்டும்; வாசலில் நிற்கும் வாகனத்தில் தெரியவேண்டும்; மணப்பந்தலின் அலங்காரத்தில் தெரியவேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. அவ்வியல்புக்கு மாறாக, பெரும்பொருள் படைத்திருந்தும் எளிய ஆடை உடுத்தி, அடக்கமான வீட்டில் வாழ்ந்து, கூட்டத்தில் ஒருவராகக் கலந்து நடமாடும் செல்வர்கள் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கின்றனர். இத்தகையோரைக் கண்டால் சிலர் ‘கருமி’ என்று இகழ்வர். சிலர் ‘மகான்’ என்று புகழ்வர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். ஒருவர் எளிமையாக வாழ்கிறார் என்பதைக் கண் காட்டிவிடும். ஏன் அவ்வாறு வாழ்கிறார் என்பதைக் கண்ணால் காண இயலாது. அந்தக் காரணத்தைப் பொறுத்தே அவரது எளிமை நன்மையாகவோ நோயாகவோ அமைகிறது.

நபித்தோழர்களுள் பெருஞ்செல்வராகத் திகழ்ந்த ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்வை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் அவர்களும் ஒருவர். கி.பி. 622ஆம் ஆண்டு மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்தபோது அவர்களிடம் பொருள் ஏதும் இருக்கவில்லை. ஸஃது இப்னு ரபீஃ (ரலி) என்னும் மதீனத்துத் தோழரை அவர்களுக்குச் சகோதரராக்கி வைத்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். தம் செல்வத்தில் சரிபாதியைத் தர ஸஃது (ரலி) முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அந்த அன்புக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டறிந்தார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று வணிகத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில், ஆடையில் மஞ்சள் நிற வாசனைப் பொருளின் அடையாளத்தோடு வந்து நின்றார்கள். விசாரித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், தமக்குத் திருமணம் ஆகிவிட்டதெனவும், பேரீச்சங்கொட்டையின் எடையளவு தங்கம் மஹராகக் கொடுத்ததாகவும் கூறினார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து அளிக்குமாறு அண்ணலார் பணித்தார்கள். நபித்தோழர்களுள் பெருஞ்செல்வர் ஒருவரின் மதீனத்து மணம் இவ்வாறு நடந்தது!

பின்னர் அவர்களது வணிகம் பெருகிற்று. செல்வம் குவிந்தது. குவிந்த வேகத்திலேயே வெளியேறியும் சென்றது. உஸ்மான் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலத்தை விற்றுக் கிடைத்த 40,000 தீனார்களை உறவினருக்கும் ஏழை எளியோருக்கும் நபிகளாரின் துணைவியருக்கும் பங்கிட்டு அளித்தார்கள் என்பது வரலாறு. அத்துணைப் பெருஞ்செல்வரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் மற்றொரு செய்தியையும் குறித்து வைத்துள்ளனர். தம் அடிமைகளுக்கு நடுவே அவர்கள் நின்றால், எஜமானர் யார் என்று பிரித்தறிய முடியாதாம்!

வாசகர்களே, இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எஜமானர் தம் ஆடையைத் தாழ்த்திக் கொண்டதால் ஒன்றானார்களா? அல்லது ஊழியர்களின் ஆடையை உயர்த்தியதால் ஒன்றானார்களா? பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுப்பதை அவர்களுக்கு உடுக்கக் கொடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை வழங்கியிருக்கிறார்கள். ஆகவே, இஸ்லாம் போற்றும் எளிமையை ஆடையின் விலையைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. எனக்கும் என் சகோதரனுக்கும் இடையே என் செல்வம் ஒரு சுவராக எழும்பி விட்டதா என்பதே அதன் அளவுகோல்.

அவர்களின் உள்ளத்தில் இருந்த காரணத்தை மற்றொரு நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. ஒரு நாள் அவர்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். உணவு கொண்டு வந்து வைக்கப்பட்டது. அதைக் கண்டதும் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்துவிட்டது. மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்து, தீனுக்காக அனைத்தையும் உதறிவிட்டு வந்த இளைஞர் அவர். கி.பி. 625இல் உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதானபோது அவருக்குக் கபனிடக் கிடைத்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தம்மைவிடச் சிறந்த அவருக்கு அவ்வளவே கிடைத்தது. நமக்கோ உலகம் இவ்வாறு விரித்துத் தரப்பட்டுள்ளது. நம் நன்மைகளின் கூலியை இங்கேயே பெற்றுத் தீர்த்து விட்டோமோ என்று அஞ்சி அழலானார்கள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள். முன்னே இருந்த உணவையும் உண்ணாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த அச்சமே அவர்களது எளிமையின் வேர். செல்வம் தம் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று அவர்கள் எண்ணவில்லை. கணக்குக் கொடுக்க வேண்டிய அமானிதம் என்றே எண்ணினார்கள். பிறர் ஒப்படைத்த பொருளை அணிந்துகொண்டு எவரேனும் ஊர்வலம் போவாரா?

இதனால் செல்வர்கள் கந்தல் உடுத்தித் திரிய வேண்டும் என்று பொருளாகாது. ஒரு தோழர் மிகவும் மட்டமான ஆடையில் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். பொருள் உண்டா என்று வினவினார்கள். ஒட்டகங்கள், ஆடுகள், குதிரைகள் எல்லாம் உண்டு என்றார் அவர். அப்படியாயின் இறைவன் செய்த அருட்கொடையின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் என்று அறிவுறுத்தினார்கள். தூய்மையும் ஒழுங்கும் நல்ல உடையும் மார்க்கத்திற்கு உகந்தவையே. நல்லாடையை விரும்புவது பெருமையாகாது; உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்பதும் அவர்களின் விளக்கமே. விளம்பரத்திற்காக உடுக்கும் ஆடையைக் கடுமையாக எச்சரித்தார்கள். அவ்வெச்சரிக்கை பட்டும் பகட்டும் உடுத்துவோருக்கு மட்டுமன்று, ‘எவ்வளவு எளிமையானவர்!’ என்று பிறர் வியப்பதற்காகவே கந்தல் உடுப்போருக்கும் உரியது என நம் அறிஞர்கள் விளக்கியுள்ளனர்.

நம் காலத்திலும் இத்தகைய செல்வர்களைக் காண்கிறோம். குஜராத்தி முஸ்லிம் வணிகக் குடும்பத்தில் பிறந்த அஜீம் பிரேம்ஜி, 1966ஆம் ஆண்டில் தந்தை காலமானதும் தம் 21ஆம் வயதில் அமெரிக்கப் படிப்பை இடையில் விட்டுவந்து, குடும்பத்தின் சமையல் எண்ணெய் நிறுவனத்தை ஏற்றார். அதையே விப்ரோ என்னும் மாபெரும் கணினித் தொழில் நிறுவனமாக வளர்த்தார். விமானத்தில் சாதாரண வகுப்பில் பயணம் செய்பவர், எளிய கார்களையே பயன்படுத்துபவர் என்று பெயர் பெற்ற அவர், விப்ரோவின் 67 விழுக்காட்டுப் பங்குகளின் பயனைக் கல்வி முதலான அறப்பணிகளுக்கு ஒதுக்கினார். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் மதிப்பு ஏறத்தாழ 1,45,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. நம் சமயத்தவரல்லாத அமெரிக்கச் செல்வர் வாரன் பஃபெட், 1958ஆம் ஆண்டில் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டிலேயே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வந்தவர். தம் செல்வத்தின் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு அளிப்பதாக 2006இல் அறிவித்தார்.

இவர்களின் எளிமைக்கு உலகியல் காரணங்களும் உண்டு. அமெரிக்கக் கோடீசுவரர்களை ஆராய்ந்து ஸ்டான்லி, டாங்கோ என்னும் இருவர் 1996ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அக்கோடீசுவரர்களுள் பலர் சாதாரணத் தெருக்களில் குடியிருந்து, விலை குறைந்த உடைகளையே வாங்கி வந்தனர் என்று அந்நூல் காட்டிற்று. காரணம் எளிது. பகட்டுக்குச் செலவழிந்த பணம் திரும்பி வராது. தொழிலில் இட்ட பணமோ வளரும். பாடுபட்டுப் பொருளீட்டியவருக்கு ஒவ்வொரு காசின் பின்னும் உள்ள வியர்வை தெரியும். மேலும், உண்மையிலேயே உள்ளவருக்கு ‘என்னிடம் உள்ளது’ என்று பறைசாற்றும் தேவை இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்னும் கவலையிலிருந்து விடுபட்டவனே உண்மையில் சுதந்திரமானவன்.

ஆயினும், இக்காரணங்களோடு நின்றுவிட்டால் எளிமை வெறும் சிக்கனமாகவே முடிந்துவிடும். சிக்கனத்திற்கும் கருமித்தனத்திற்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைத்து இறைவழியில் செலவிடாதோருக்கு, அக்குவியலே நெருப்பில் காய்ச்சப்பட்டு நெற்றியிலும் விலாவிலும் முதுகிலும் சூடிடப்படும் என்று திருமறையின் தவ்பா அத்தியாயம் எச்சரிக்கிறது. தான் பழைய சட்டை உடுப்பதோடு, கூலியாளின் கூலியிலும் குறைப்பவர் எளியவரல்லர். மனைவி மக்களின் தேவைக்கே கையை மூடிக்கொள்பவர் எளியவரல்லர். நாற்பதில் ஒரு பங்கான ஜகாத்தை எண்ணிப் பார்த்துக் கொடுக்கத் தயங்குபவர் எத்தனை எளிய உடை உடுத்தினும் எளியவரல்லர். ஒருவரின் எளிமை உண்மையானதா என்று அறிய அவரது சட்டையைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று பார்த்தாலே போதும். வீண் விரயமும் இன்றிக் கருமித்தனமும் இன்றி, இரண்டுக்கும் இடைப்பட்ட நேர்மையில் நிற்போரையே இறைவனின் நல்லடியார்கள் என்று அல்ஃபுர்கான் அத்தியாயம் அறிமுகம் செய்கிறது.

எளிமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. அதுவே நம் இல்லங்களை மிக அதிகமாகத் தொடுவது. காரூனின் வரலாற்றைத் திருமறையில் ஓதியிருக்கிறீர்கள். அவனது கருவூலச் சாவிகளைச் சுமப்பதே வலிமை மிக்க ஒரு கூட்டத்தாருக்குப் பாரமாக இருந்தது. ஒரு நாள் அவன் தன் அலங்காரங்கள் அனைத்துடனும் மக்கள் முன் வெளிப்பட்டான். திருமறை அவனது பகட்டைக் கூறியதோடு நிறுத்தவில்லை; அதைப் பார்த்து நின்றவர்களின் பெருமூச்சையும் பதிவு செய்கிறது. காரூனுக்குக் கிடைத்தது போல் நமக்கும் கிடைக்கக் கூடாதா, அவன் பெரும் பாக்கியசாலி அல்லவா என்று அவர்கள் ஏங்கினார்கள். அவனையும் அவன் மாளிகையையும் பூமி விழுங்கிய பின்னரே அவ்வேக்கம் தெளிந்தது.

செல்வரின் ஆடம்பரம் அவரோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரு தெருவில் வசதி படைத்த ஒருவர் தம் மகளின் நிக்காஹை ஆயிரம் பேருக்கு விருந்து வைத்து, கண்ணைப் பறிக்கும் விளக்குகளுடன் நடத்துகிறார். அவரால் அது இயலும். மறுநாள் காலை அவர் அதை மறந்தும் போவார். ஆனால், அதே தெருவில் மூன்று பெண்மக்களை வைத்துக்கொண்டு அந்த விருந்தில் அமர்ந்து உண்ட ஏழைத் தந்தை அதை மறக்கமாட்டார். தம் வாசலுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் இனி எதை எதிர்பார்ப்பர் என்று அவர் உள்ளம் கணக்குப் போடும். அத்தெருவின் திருமண விலையைச் செல்வர் ஒரே இரவில் உயர்த்தி விட்டார். கைக்கூலி என்னும் கொடுமைக்கும், அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கும் பாவத்திற்கும் ஏழை மட்டுமா பொறுப்பு? அவருக்கு வழிகாட்டிய பந்தலுக்கும் அதில் பங்கு இல்லையா?

அதே செல்வர் தம் மகளின் நிக்காஹைப் பள்ளிவாசலில் எளிமையாக நடத்தி, அளவான விருந்துடன் முடித்துக் கொண்டால் என்ன நேரும்? ‘இவரே இப்படிச் செய்தாரே!’ என்ற ஒரு சொல் ஊரெங்கும் பரவும். ஏழைத் தந்தைக்கு அச்சொல் ஒரு கேடயமாகும். இல்லாதவன் எளிமையாக மணம் முடித்தால் அது இயலாமை என்று பேசப்படும். உள்ளவன் முடித்தால் அது வழக்கமாகும். ஆகையால் எளிமையைத் தொடங்கி வைக்கும் ஆற்றல் செல்வரிடமே இருக்கிறது. பலருடைய சுமையை இறக்கி வைக்கும் இந்தத் தர்மத்திற்கு அவர் தம் பணப்பையைத் திறக்கவும் வேண்டியதில்லை.

வளைகுடா வெயிலில் வியர்வை சிந்திப் பொருளீட்டி ஊர் திரும்பும் இளைஞர்களே! உங்கள் கைக்கடிகாரத்தைக் கண்டு ஏங்கும் சிறுவனை நினைவிற் கொள்ளுங்கள். இல்லத்தரசியரே! உறவினர் வீட்டு விசேஷத்திற்குப் புறப்படும்போது, அங்கே இரவல் நகையுடன் ஒரு சகோதரி கூச்சத்துடன் வந்திருக்கக் கூடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நல்ல ஆடை உடுத்துங்கள். ஆனால் பிறர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும் ஆடையை உடுத்தாதீர்கள்.

இன்று ஜும்ஆவுக்குச் சென்று வந்த பின்னர், குடும்பத்துடன் அமர்ந்து கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கடந்த ஆண்டில் தேவைக்காகச் செலவிட்டது எவ்வளவு? பிறர் பார்ப்பதற்காகச் செலவிட்டது எவ்வளவு? இரண்டாவது தொகையில் ஒரு பகுதியேனும் இவ்வாண்டு ஒரு மாணவனின் கட்டணமாகவோ, ஒரு கைம்பெண்ணின் வாடகையாகவோ, ஒரு கடனாளியின் விடுதலையாகவோ மாறட்டும். அப்போது உங்கள் ஆடையில் தெரியாத செல்வம், வேறொரு வீட்டு அடுப்பின் புகையில் தெரியும். அல்லாஹ் அதை நன்கறிவான். நம் அனைவருக்கும் அந்நல்லுள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.