கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?



பள்ளி ஆண்டு விழா வந்துவிட்டால் போதும், நாடக ஒத்திகை களைகட்டிவிடும். யார் ராஜா, யார் மந்திரி, யாருக்கு என்ன உடை என்று வகுப்பே பரபரக்கும். வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டால் நாடகம் தயார் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அது பாதி வேலைதான். அந்த வசனம் கடைசி வரிசையில் இருப்பவர் காதில் விழ வேண்டும். அதுதான் மீதிப் பாதி.

கடைசி வரிசையில் யார் இருப்பார்கள்? முன்னால் உள்ள நாற்காலிகள் விருந்தினர்களுக்கு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க வந்த அம்மா, அப்பா, பாட்டி எல்லாரும் பெரும்பாலும் பின்னால்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கேட்காத நாடகம் யாருக்காக?

நம் முன்னோர் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய மேடையின் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். ஒரு கோல் என்பது 24 விரல் அளவு. மேடைக்கு 2 வாயில்கள். தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைத்தார்களாம். ஆடுபவர் முகம் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

தெருக்கூத்தில் உயரமான மேடை இல்லை. தரையில்தான் ஆட்டம், சுற்றிலும் மக்கள். ஒலிபெருக்கி வராத காலத்தில் கூத்துக் கலைஞர்கள் உச்சக் குரலில் பாடினார்கள். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியைத் திரும்பப் பாடுவார்கள். முதல் முறை காதில் விழாதவருக்கு இரண்டாம் முறை விழுந்துவிடும்!

1918ஆம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை நடிகர்களாகக் கொண்டு நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். அதில் சின்னஞ்சிறு பையனாகச் சேர்ந்தவர் டி.கே.சண்முகம். பின்னாளில் அவ்வையாராக நடித்து, 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். உங்கள் வயதுப் பிள்ளைகளால் முடியாதது எதுவுமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மைக்கைத் தேடி மேடையில் ஓடாதீர்கள். கத்தவும் வேண்டாம். மூச்சை நன்றாக இழுத்து, வயிற்றிலிருந்து குரல் எழுப்புங்கள். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசும்போதும் முகத்தைக் கொஞ்சம் கூட்டத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஒருவர் பேசும்போது அவரை மறைத்து நிற்காதீர்கள். மக்கள் சிரித்தால், சிரிப்பு அடங்கிய பிறகு அடுத்த வசனத்தைச் சொல்லுங்கள். இயக்குபவர் 'மேடையின் வலப்பக்கம்' என்றால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் உங்களுடைய வலப்பக்கம் என்று பொருள்.

நாடகத்தில் வேடம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒரு பெரிய வேலை உண்டு. ஒத்திகையின்போது மைதானத்தின் கடைசியில் போய் நில்லுங்கள். காதில் விழாத ஒவ்வொரு வசனத்துக்கும் கையைத் தூக்குங்கள். ஆசிரியப் பெருமக்களும் இதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் நல்லது.

கடைசியில் நிற்கும் பாட்டி, "என் பேரன் பேசினது அத்தனையும் கேட்டுச்சு" என்று சொல்லட்டும். அதைவிடப் பெரிய பரிசுக் கோப்பை வேறு உண்டா?

வாழ்த்துகள், குழந்தைகளே!