பிள்ளைக்கு முன்னே ஒரு பத்தியம்

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் போடுவதில் நம் வீடுகளில் யாரும் சளைத்தவர்கள் இல்லை. பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், கருவேப்பிலைப் பொடி என்று நாற்பது நாளும் அமர்க்களப்படும். ஆனால் பிள்ளை உண்டாவதற்கு முன்னால் ஒரு பத்தியம் உண்டு என்று யாராவது நமக்குச் சொல்லியிருக்கிறார்களா? எனக்குச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில், என் ஓர்ப்படி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு தப்பைச் செய்துவிட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இந்த முறை ஊறுகாய், வற்றல் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்கக்கா, பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். ஆகவே 'சின்னவள்' என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமியார், நானும் அவரும், கொழுந்தனும் சின்னவளும். என் பையன் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். சின்னவளுக்கு 29 வயது, பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி வந்தபோது 62 கிலோ. நாலு வருஷத்தில் 74 ஆகிவிட்டது. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வரும், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும். மோவாயில் இரண்டு மூன்று முடி முளைக்கும், கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்குவாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்திருந்தது. "பயத்தம் மாவு போட்டு நல்லாத் தேயேன்" என்பார் மாமியார். இவையெல்லாம் ஒரே நூலில் கோர்த்த மணிகள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் வைகாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்த உறவுக்கார அம்மாள், "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஆரம்பித்தார். இவள் சிரித்து மழுப்பினாள். உடனே பக்கத்தில் இருந்தவர், "உடம்பை இப்படி வச்சிருந்தா எங்கேருந்து நிக்கும்?" என்றார். சின்னவள் அதற்கும் சிரித்தாள். ஆனால் இலையில் வைத்த பாயசம் அப்படியே இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, எப்போதோ வெட்டிவைத்திருந்த ஒரு காகிதத் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். காலையில் எலுமிச்சம் பழமும் தேனும் கலந்த வெந்நீர், மத்தியானம் பழம், ராத்திரி ஒரு டம்ளர் மோர்... ஒரே மாதத்தில் எட்டு கிலோ குறையும் என்று போட்டிருந்தது. பாவம், அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டாம் நாள் விடிகாலை, கிரைண்டர் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். விளிம்பு நெற்றியில் பட்டு இரண்டு தையல்.

தையல் போட்ட கையோடு மகப்பேறு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனோம். எடை 70. "நாலு கிலோ குறைஞ்சிருக்கு டாக்டர்" என்றேன், அசட்டுப் பெருமையோடு. ரத்தப் பரிசோதனைச் சீட்டை என் பக்கம் திருப்பினார். "ஹீமோகுளோபின் 9.2. குறைஞ்சது 12 இருக்கணும். ரத்தம் ஏற்கெனவே கம்மியா இருந்திருக்கு, அதுமேல பட்டினி வேற போட்டிருக்கீங்க. இந்த உடம்பில ஒரு உயிர் வந்து உட்கார்ந்தா எதைச் சாப்பிடும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. (அந்த நாலு கிலோவும் சாப்பிட ஆரம்பித்த இரண்டே மாதத்தில் திரும்பி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்!)

ஸ்கேனும் மற்ற பரிசோதனைகளும் முடிந்த பிறகு, கோர்த்த மணிகளை டாக்டரம்மா பிரித்துக் காட்டினார். பி.சி.ஓ.எஸ். என்று இந்தக் காலத்துப் பெண்களிடம் அடிக்கடி கேட்கிறோமே, அதுதான். ஆனால் இது இந்தக் காலத்து வியாதி இல்லையாம். 1935-லேயே சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அளவுக்கு மேல் சுரக்கிறது. அது கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்குரிய ஹார்மோனை அதிகமாக்குகிறது. அதனால்தான் மோவாயில் முடி. கழுத்துக் கறுப்பு அழுக்கில்லை, அந்த இன்சுலினின் அடையாளம். இந்தக் குழப்பத்தில் முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை, விலக்கும் தள்ளிப்போகிறது.

"அப்ப நான் 55 கிலோவுக்கு வரணுமா டாக்டர்?" என்று அழாத குறையாகக் கேட்டாள் சின்னவள்.

"யாரும்மா சொன்னது? இருக்கிற எடையில நூற்றுக்கு அஞ்சு பங்கு, மிஞ்சினா பத்துப் பங்கு குறைஞ்சாலே பல பேருக்கு விலக்கு ஒழுங்காகிடும். 74-க்கு நாலு கிலோவிலேருந்து ஏழு கிலோ. அதையும் மெதுவாக் குறைக்கணும். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல வேண்டாம்."

இந்த ஒரு கணக்கில்தான் அவள் முகத்தில் உயிர் வந்தது. நீங்களும் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். சின்னவள் உயரம் 155 சென்டிமீட்டர். 74-ஐ 1.55-ஆல் இரண்டு முறை வகுத்தால் 30.8 வரும். நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் போனாலே கவனம் வேண்டும், 25-க்கு மேல் பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அப்புறம் டாக்டரம்மா கேட்ட கேள்வியை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. "வீட்டுக்காரர் எங்கே?" என்றார். என் கொழுந்தன் வெளியே பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு எடை மெஷினில் ஏற்றினார்கள். 88! நாளைக்கு ஆறு சிகரெட், ராத்திரி கடைப் பரோட்டா. "ஒரு உயிரணு உருவாகி முதிர ரெண்டரை மாசம் ஆகும் சார். நீங்க இன்னிக்கு விடற சிகரெட்டுக்குப் பலன் மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும். பத்தியம் உங்களுக்கும்தான்" என்றார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதையும் விடச் சொன்னார். அந்தச் சூடு ஆகாதாம்.

இனி வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு தீர்மானம் போட்டோம். சின்னவளுக்கென்று தனிச் சமையல் கிடையாது. அவளுக்கு எது உண்டோ அதுவே எல்லாருக்கும். ஒருத்தி மட்டும் தட்டைப் பார்த்து ஏங்கும்படி வைத்தால் எந்தப் பத்தியமும் நிலைக்காது.

அரிசியை ஒழிக்கவில்லை, அளந்தோம். மத்தியானம் மூன்று கரண்டி சாதம் ஒன்றரைக் கரண்டியாயிற்று. அந்த இடத்தில் காயும் கூட்டும் இரண்டு மடங்கு. காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் மூன்று, தொட்டுக்கொள்ளக் கிண்ணம் நிறைய சாம்பார். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். முட்டை, மீன் சாப்பிடும் வீடுகளில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம், பொரிக்காமல்.

காபிக் கணக்கு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 40 கிராம்! இப்போது இரண்டு காபி, அரை ஸ்பூன். அதையும் சாப்பாட்டோடு குடிப்பதில்லை. சாப்பிட்டதும் காபி, டீ குடித்தால் கீரையிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எண்ணெய் மாதம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்றார் டாக்டரம்மா. இப்போது மூன்று லிட்டருக்கு வந்திருக்கிறோம். சத்தியமாக, அதற்குக் கீழே எனக்கு வரவில்லை.

ராத்திரிக்குக் கேழ்வரகு அடை. ஒரு கப் கேழ்வரகு மாவில், உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், உப்பு போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டுத் தட்டுங்கள். அடைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும், மூடி போட்டு வேகவிடணும். பரோட்டாக்காரரான என் கொழுந்தனே, "அண்ணி, இன்னொண்ணு" என்று கேட்கும் அடை!

மாமியாரைச் சமாளிப்பதுதான் பெரும் பாடாயிற்று. "பிள்ளைக்கு நிக்கணும்னா ரெண்டு பேருக்குச் சாப்பிட வேணாமா?" என்று நெய்க் கிண்ணத்தோடு வருவார். "இன்னொருத்தர் இன்னும் வரவே இல்லையே அத்தை" என்பாள் சின்னவள். கடைசியில் சாதத்தில் ஒரே ஒரு ஸ்பூன் நெய் என்று ராஜியானது.

காலையில் ஐந்தே முக்காலுக்குக் கணவனும் மனைவியுமாக உத்தர வீதிகளைச் சுற்றி நடப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம், பேச முடியணும், பாட முடியக் கூடாது என்கிற வேகத்தில். கோபுர தரிசனமும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு. ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணைத்தாக வேண்டும் என்பது என் உத்தரவு.

டாக்டரம்மா சொன்ன இன்னும் சில விஷயங்களை உங்களுக்காகக் குறித்துவைத்திருக்கிறேன். குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் ஆதாரமான குழாய், கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. 'நாள் தள்ளிப்போச்சே' என்று நாம் சந்தேகப்படும் நேரத்தில் அந்த வேலை முடிந்தேவிடுகிறது! அதனால் ஃபோலிக் அமில மாத்திரையை, முயற்சி செய்வதற்கு ஒரு மாதமாவது முன்பு, கூடுமானால் மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். பொதுவாகத் தினம் 400 மைக்ரோகிராம். பருமன், சர்க்கரை, வலிப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் கூடுதலாக எழுதக்கூடும்.

தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சின்னவளுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.0. அதாவது வாசல்படியில் நிற்கிறது, உள்ளே நுழையவில்லை. பருமனோடு கர்ப்பமானால் கர்ப்பகாலச் சர்க்கரையும் அழுத்தமும் வர வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

ரூபெல்லா தடுப்பூசி போட்டிராதவர்கள் இப்போதே போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து முயல வேண்டும். அழுத்தம், வலிப்பு, முகப்பரு என்று எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள், சிலது கருவுக்கு ஆகாது. அதற்காக நீங்களாக நிறுத்தியும்விடாதீர்கள். எடை குறைக்கும் ஊசி என்று இப்போது வந்திருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டே கர்ப்பமாகக் கூடாது. செமாக்ளூடைடு என்ற மருந்தானால் இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

எட்டு மாதத்தில் சின்னவள் 67.5 கிலோ. நடுவில் இரண்டு மாதம் முள் அசையவே இல்லை, தீபாவளி வேறு வந்தது. கொழுந்தன் 81. சிகரெட் மூன்று தரம் விட்டு, நாலாம் தரம் விட்டது. ஹீமோகுளோபின் 12.1.

ஒரு நாள் காலை, தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கப் போனவள் அப்படியே நின்றாள். "அக்கா, முப்பத்தொண்ணாம் நாளே வந்துடுச்சு" என்றாள். விலக்கு வந்ததற்காக ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு அழுததை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்குத்தான் அவளிடம், "அந்தக் காகிதத்தைக் கொடுத்ததுக்கு என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். "நீங்க ஒருத்தர்தான் அக்கா ஏதாவது செய்யணும்னு நினைச்சீங்க. மத்தவங்க பேசினாங்க, அவ்வளவுதான்" என்றாள். நெற்றித் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வருகிறது. அடுத்தடுத்த மாதங்களும் 30 நாள், 33 நாள் என்று வந்தன.

எடை குறைந்தால் பிள்ளை நிச்சயம் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. நெதர்லாந்தில் நடந்து, 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். முதலில் ஆறு மாதம் உணவையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்ட பருமனான பெண்களில், சிகிச்சையில்லாமல் தானாகவே கருத்தரித்தவர்கள் அதிகமாம். ஆனால் நேராகச் சிகிச்சைக்குப் போனவர்களும் பிள்ளை பெற்ற கணக்கில் பின்தங்கவில்லையாம். ஆகவே வயது 35-ஐத் தாண்டியவர்கள், 'முதலில் இளைத்துவிட்டு வருகிறேன்' என்று வருஷக் கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அதற்குக் குறைந்த வயதானால் ஒரு வருஷம். விலக்கு ஒழுங்கில்லாதவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

"அதெல்லாம் சரி, விசேஷம் உண்டா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சகோதரிகளே, அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். உண்டென்றாலும் இல்லையென்றாலும் அது அவள் சொல்ல வேண்டிய சேதி. நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதையும் பத்தியத்தில் ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி அடை தட்டும்போது எடுத்துக் கொடுப்பது என் வேலை. நேற்று நான் மறந்துவிட்டேன். மாமியார்தான், நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மாத்திரையும் தண்ணீருமாக அவளிடம் போய் நின்றார்.