விண்வெளி விதைக்கும் கணக்கு வேண்டும்

மழை பொய்த்து ஏரி வறளும் ஆண்டுகளில், பயிர் வாடாமல் இருக்கத் தெளிக்கும்படி வேளாண் துறையினர் சொல்லும் ஒரு கரைசல் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கழனிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பி.பி.எஃப்.எம். என்பார்கள். அதில் இருப்பது மெத்தைலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு நுண்ணுயிர். இலையில் தங்கி, பயிர் வறட்சியைத் தாங்க உதவும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இது. இதே பேரினத்தில் புதிய இனம் ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கிடைத்திருப்பதாக 2021இல் அறிவிப்பு வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் அஜ்மல் கானைப் பெருமைப்படுத்தும் விதமாக அதற்கு மெத்தைலோபாக்டீரியம் அஜ்மலி என்று பெயர் வைத்தார்கள். பயிர் வளர்ச்சிக்குத் துணைசெய்யக்கூடிய மரபணுக்கள் அதில் இருப்பதும் தெரியவந்தது. அதன் மரபணு வரிசை பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது; யாரும் தரவிறக்கிப் படிக்கலாம்.

இனி இந்தியா விண்ணுக்கு அனுப்பும் ஒவ்வொரு விதையின், ஒவ்வொரு நுண்ணுயிரின் மரபணுத் தரவும் இப்படித்தான் வெளியே வர வேண்டும் என்கிறோம்.

2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் எட்டுக் காராமணி விதைகள் போயின. நான்கே நாளில் முளைவிட்டன. 2025 ஜூனில் ஆக்சியம்-4 பயணத்தில் சென்ற இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, தார்வாட் ஆய்வாளர்களுக்காகப் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்து உறைபெட்டியில் சேர்த்தார். கேரளத்து ஆய்வாளர்களுக்காக நெல், எள், கத்தரி, தக்காளி விதைகளும் அதே பயணத்தில் போய்வந்தன. எல்லாம் நம் வீட்டு அடுப்படிப் பொருள்கள். செலவும் நம் வரிப்பணம்.

இத்தகைய சோதனையில் தரவு பிறக்கும் விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். உறைந்த முளையிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து வரிசைப்படுத்தும் கருவியில் கொடுத்தால், நூறு, நூற்றைம்பது எழுத்து நீளமுள்ள துணுக்குகள் கோடிக்கணக்கில் வந்து விழும். அவற்றை அந்தப் பயிரின் முழு மரபணு வரிசையோடு பொருத்தி, எந்த மரபணு விண்ணில் கூடுதலாக வேலை செய்தது, எது அடங்கிப்போனது என்று எண்ணுவார்கள். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. விண்கலத்தில் இடம் குறைவு. எட்டு விதை, மூன்று தட்டு என்றுதான் அனுப்ப முடியும். எட்டு விதையை வைத்து ஒரு பயிரின் குணத்தைத் தீர்மானிக்க எந்த விவசாயியும் ஒப்ப மாட்டார். ஒரு பயணத்தின் தரவை இன்னொரு பயணத்தின் தரவோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தட்டுப்படும். நாசா 2015இல் திறந்த ஜீன்லேப் களஞ்சியம் இதற்காக வந்தது. பல பயணங்களின் தரவைச் சேர்த்து, 59 விண்வெளி வீரர்களின் உடல்நலத் தரவோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020இல் 'செல்' இதழில் வெளியானது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சீர்குலைவதே விண்வெளிப் பாதிப்பின் நடுப்புள்ளி என்று அது காட்டியது. தனித்தனிச் சோதனைகள் அவரவர் கணினியிலேயே கிடந்திருந்தால் அந்த முடிவு கிடைத்திருக்காது.

எழுத்துகளை மட்டும் வெளியிட்டுவிட்டால் போதாது. விண்வெளி நிலையக் காற்றில் கரியமில வாயு பூமியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வெப்பம், ஒளி, ஈரம், முளைத்து எத்தனை மணி நேரம் கழித்து உறையவைத்தார்கள் என்ற குறிப்புகள் இல்லையென்றால், மாற்றத்துக்குக் காரணம் எடையின்மையா, காற்றா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குறிப்பில்லாத தரவு, தேதியில்லாத பத்திரம் போன்றது.

கணக்கைப் பொதுவில் வைப்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குடவோலைத் தேர்தலையே பேசுகிறோம். 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தப் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகளில் இன்னொரு விதியும் இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் மறுபடி குடத்துக்குள் போகாது. அந்த ஊர்ச்சபை நிலமுள்ள ஒரு சிலரின் சபைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுக்காரியம் பார்த்தவர் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். எழுத்துகள் திறந்த சுவரில் இருந்தும், கல்வெட்டறிஞர் வெங்கய்யா போன்றோர் படித்து வெளியிட இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. 1932இல் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி மறுபடி படித்துப் பாடத்தைச் செம்மைப்படுத்தினார். மரபணுத் தரவுக்கும் இரண்டாவது வாசகர் தேவை. முதலில் படித்தவரின் கண்ணில் படாதது அவருக்குப் படும்.

'நம் விதையின் ரகசியத்தை வெளிநாட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளாதா' என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். அது 1997இல் ரத்தானது எப்படி? மஞ்சளின் குணம் முன்பே அச்சில் வந்திருக்கிறது என்று நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு சான்று காட்டியதால். வெளியிட்டதே அன்று நம்மைக் காத்தது. பயன் பகிர்வைக் கேட்டு வாங்க 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும், சென்னையிலேயே இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையமும் இருக்கின்றன.

மனிதத் தரவு வேறு. விண்வெளி வீரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெயரை நீக்கினாலும் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். அவர்களுடைய மரபணு, அவர்கள் ஒப்புதலோடு, தகுந்த ஆய்வாளருக்கு மட்டும், அனுமதியின்பேரில்தான் போக வேண்டும். இதில் தளர்வு கூடாது.

களஞ்சியம் கட்டப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. பரீதாபாத்தில் 2022 முதல் இந்திய உயிரியல் தரவு மையம் இயங்குகிறது. பொதுப்பணத்தில் பிறக்கும் உயிரியல் தரவு பகிரப்பட வேண்டும் என்று உயிரித் தொழில்நுட்பத் துறை 2021இல் வழிகாட்டு நெறிகளும் தந்தது. வழிகாட்டுதல் விதியாக வேண்டும்: மாதிரி பூமிக்கு வந்த ஓராண்டுக்குள், முழுக் குறிப்புகளோடு, தரவு களஞ்சியத்தில் சேர வேண்டும், சேர்க்காத குழுவுக்கு அடுத்த பயணத்தில் இடம் தரக்கூடாது. சந்திரயான் தரவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இஸ்ரோவுக்கு இது புதிய பழக்கமும் இல்லை.

படிக்க ஆள் வேண்டுமே என்றால், 2019இல் நிலவில் விழுந்த விக்ரம் லேண்டரின் சிதறலை நாசா வெளியிட்ட படங்களில் தேடிப் பிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவருக்குப் படம் கிடைத்தது, பார்த்தார். மரபணுத் தரவை அலச கேலக்ஸி போன்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. கணக்கு அந்தத் தளங்களின் கணினியில் ஓடும், இங்கே ஒரு சாதாரண மடிக்கணினியும் இணையமும் போதும். ஜீன்லேப் தரவை வைத்து அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கே பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். உத்திரமேரூரிலிருந்து காலைப் பேருந்தில் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போய்த் தாவரவியல், உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் இந்தப் பயிற்சியை வரும் கல்வியாண்டிலேயே தமிழ்நாடு அரசு சேர்க்க வேண்டும். எட்டுக் காராமணியில் தொடங்கலாம்.