வாழ்த்தட்டையின் மறுபக்கம்

பழைய பெருநாள் வாழ்த்தட்டைகளைத் தேடிச் சேர்ப்போர் முதலில் நோக்குவது படத்தையே. விலையும் பெரும்பாலும் படத்திற்கே பேசப்படுகிறது. நாம் இதில் சற்று மாறுபடுகிறோம்.

அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்தது. இந்தியாவில் 1879 ஜூலையில் கால் அணா விலையில் வந்தது. அது படமற்ற வெற்றட்டை. படம் பின்னரே ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லாகூர், தில்லி, பம்பாய் நகரங்களின் அச்சகத்தாரும் வணிகரும் 'ஈத் முபாரக்' அட்டைகளை வெளியிட்டனர். பிறையும் பள்ளிவாசலும் வரைந்தவை பல. ஐரோப்பாவில் அச்சான மலர்க்கொத்து அட்டைகளின் மீது உருது வாழ்த்தைப் பொறித்து விற்றதும் உண்டு. அயல்நாட்டு ரோசா பெருநாளுக்கும் மணந்தது. அதனால் எவருடைய ஈமானும் குறைந்துவிடவில்லை!

ஆயினும் படம் ஆயிரம் பேருக்குப் பொது. மறுபக்கமோ ஒருவருக்கே உரியது. அஞ்சல் முத்திரை ஊரையும் நாளையும் சொல்லும். முகவரி, தெருவின் பழம்பெயரைக் காத்து நிற்கும். கீழே நாலைந்து வரிகளில், யார் யாரை என்ன முறை சொல்லி அழைத்தனர், யார் யாருக்கெல்லாம் சலாம் சொல்லி விட்டனர் என்பது தெரியும். சமூக வரலாறு எழுதுவோர்க்கு இதனினும் நேரிய சான்று அரிது.

நம் பக்கம் வருவோம். கொழும்பு, இரங்கூன், பினாங்கு எனச் சபர் சென்ற ஆடவர்க்கும் ஊரிலிருந்த குடும்பத்தார்க்கும் பாலமாக இருந்தவை மடல்களே. அரபுத்தமிழில் எழுதும் வழக்கமும் நம் இல்லங்களில் இருந்தது. இன்று அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த மூதாட்டியர் மிகச் சிலர். அவர்கள் இருக்கும்போதே மாணவர்கள் அருகமர்ந்து படிக்கக் கேட்டுப் பெயர்த்தெழுத வேண்டும். இது தமிழ்த்துறையின் வேலை என்றே நாம் கருதுகிறோம்.

அட்டைகளைக் கெடுப்போர் பெரும்பாலும் அன்பர்களே. அஞ்சல்தலைக்காக மூலையை வெட்டுகிறார்கள். கோந்து தடவி ஆல்பத்தில் ஒட்டி எழுத்தை மறைக்கிறார்கள். லேமினேஷன் செய்து மீட்க முடியாதபடி ஆக்குகிறார்கள். ஒட்டாமல், அமிலமற்ற தாளுறையில் ஈரமும் வெயிலும் படாது வைத்தாலே போதும்.

குடும்பச் செய்தி அயலார் கண்ணில் படலாமா எனப் பெரியவர்கள் தயங்குவர். தயக்கம் நியாயமானதே. எனவே மூலத்தைக் கேட்பது முறையன்று. இருபுறமும் படமெடுத்துக்கொண்டு அட்டையை வீட்டாரிடமே திருப்பித் தரலாம். அவர்கள் மறைக்க விரும்பும் பெயரை மறைத்துவிடலாம். பெருநாளுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கும் இல்லத்தார், பழைய தகரப் பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம்.