மாதவிலக்கு லீவு: செலவு யார் தலையில்?

மாதத்தில் ஒரு நாள் பெண் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் லீவு கொடு என்றதும், முதலாளிமார் வீட்டில் இழவு விழுந்தது போல ஓலம் கேட்கிறது. 2025 அக்டோபரில் கர்நாடக மந்திரிசபை, சர்க்கார் அலுவலகங்களுக்கும் தனியார் தொழில்களுக்கும் சேர்த்து மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள் மாதவிலக்கு லீவு என்று முடிவு செய்தது. உடனே பெங்களூர் ஓட்டல் முதலாளிகளின் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. “இனிமேல் பெண்களை யார் வேலைக்கு வைப்பார்கள்?” என்று அனுதாபம் பேசவும் சிலர் கிளம்பினார்கள்.

லீவு வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஏன் வேண்டும், எப்படி வேண்டும் என்று பார்ப்போம்.

லீவு இல்லாததன் விலை

மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம். அங்கிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் புறப்படும் கூலிகளில், புருஷனையும் பெண்சாதியையும் சேர்த்து ஒரே அரிவாள் என்று கணக்கு வைத்து முன்பணம் கொடுக்கிறான் மேஸ்திரி. ஒரு நாள் வராவிட்டால் அபராதம். வயிற்றுவலி என்றாலும் அபராதம்தான். 2019-ல் விஷயம் சந்திக்கு வந்தபோது மாநில சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. கணக்கெடுத்த 82,000-க்கு மேற்பட்ட பெண்களில் 13,000-க்கு மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிகளின் பணத்தாசை ஒரு காரணம். ஒரு நாள் கூலியும் அபராதமும் இன்னொரு காரணம். லீவு கொடுத்தால் நஷ்டம் என்கிறவர்கள், லீவு கொடுக்காததால் வந்த இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? அதே 2019-ல் நம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளைப் பற்றி ஒரு செய்தி வெளிவந்தது. மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர்கூட ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து மறுபடி மெஷினில் உட்காரவைத்தார்களாம். மெஷின் நிற்கக்கூடாது, அதுதான் அவர்கள் வைத்தியம்.

மந்திரியும் கோர்ட்டும்

2023 டிசம்பரில் ராஜ்ய சபையில் மத்திய மந்திரி ஒருவர், மாதவிலக்கு ஊனமல்ல, அதற்குத் தனி லீவு கூடாது என்றார். ஊனம் என்று யார் சொன்னார்கள்? பிரசவம் ஊனமா? அதற்கு லீவு உண்டே! எட்டு மணி உழைத்தபின் வரும் களைப்பு ஊனமா? அதற்கும் சட்டம் போட்டுத்தானே வரம்பு கட்டினோம்!

2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், இது சர்க்கார் முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம் என்றது. கட்டாய லீவு வந்தால் பெண்களை வேலையிலிருந்தே ஒதுக்கிவிடுவார்களோ என்ற கவலையையும் சொல்லிற்று. இந்தப் பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பிரசவச் செலவுக்கு அஞ்சி, கல்யாணமான பெண் என்றதும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிய ஆலைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், முதலாளி பெண்ணை ஒதுக்குவான் என்பதற்காகப் பெண்ணின் உரிமையை ஒதுக்குவது என்ன நியாயம்? பெண்ணை வைத்தாலும் ஆணை வைத்தாலும் செலவு ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டால், ஒதுக்குவதில் அவனுக்கு லாபம் ஏது?

வழி புதிதல்ல. இ.எஸ்.ஐ. நிதிக்கு ஆண், பெண் எல்லாத் தொழிலாளருக்குமாக முதலாளி பணம் கட்டுகிறான். பிரசவகாலச் சம்பளம் அந்த நிதியிலிருந்து வருகிறது. மாதவிலக்கு லீவையும் அதில் சேர்க்கலாம். ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1948-ல் எழுதிய இ.எஸ்.ஐ. சட்டம், நோயில் படுத்தால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை என்று வைத்தது. மாதவிலக்கு வலியோ அந்த ஒன்றிரண்டு நாளில்தான்! ஸ்பெயினில் 2023-ல் வந்த சட்டப்படி, கடும் வலியுள்ள பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே சமூகக் காப்பு நிதி பணம் தருகிறது. அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்காது?

ஜப்பான் தரும் பாடம்

ஜப்பானில் 1947-லேயே இந்த லீவு சட்டமாயிற்று. ஆனால் சம்பளம் கட்டாயமில்லை. 2020-ல் சர்க்கார் எடுத்த கணக்கில் இந்த லீவைக் கேட்டவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. சம்பளமில்லாத லீவு, ஏட்டுச் சுரைக்காய். பீகாரில் 1992-ல் சர்க்கார் பெண் ஊழியர்கள் மாதம் இரண்டு நாள் பெற்றார்கள். ஊழியர்களின் வேலைநிறுத்தம் பெற்றுத்தந்த பலன் அது.

“இது பழைய தீட்டுக்குப் புது வேஷம்” என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்குத் தூரம் என்று திண்ணையில் ஒதுக்கிய சமுதாயம்தான், மில்லுக்கு மட்டும் தூரமில்லை, வா என்கிறது! விலக்கிவைப்பது வேறு, வலிக்கும் நாளில் தானாக விரும்பி ஓய்வெடுப்பது வேறு. லீவு எடுப்பதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

நம் குறையும் உண்டு

சென்ற ஆண்டு ஒரு மில்லில் கோரிக்கைப் பட்டியல் தயாராயிற்று. பஞ்சப்படி, போனஸ், கேன்டீன் எல்லாம் இருந்தன. நூற்புப் பிரிவுப் பெண் ஒருவர் எழுந்தார். “மாசத்திலே ரெண்டு நாள் நாங்க படுற பாடு இதிலே எங்கே இருக்கு அண்ணே? கக்கூசுக்குப் போகவே டோக்கன் வாங்கணும்” என்றார். “அதையெல்லாம் எப்படிம்மா நோட்டீசிலே அச்சடிக்கிறது?” என்றார் கமிட்டியில் ஒருவர். நாமும் அந்த மேடையில்தான் இருந்தோம். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் முறை அச்சடித்தபோதுதான் அந்தக் கோரிக்கை ஏறியது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சம்பளத்துடன் லீவு வேண்டும். டாக்டர் சீட்டுக் கேட்டு அலையவைக்கக் கூடாது. வருகை போனசில் கை வைக்கக் கூடாது. காண்ட்ராக்ட், பீஸ் ரேட் பெண்களுக்கும் அது சேர வேண்டும். செலவு பொது நிதியிலிருந்து வர வேண்டும். லீவு எடுக்காமல் வேலைக்கு வருகிறவளுக்குச் சுத்தமான கழிப்பறை, தண்ணீர், உட்கார இடம் வேண்டும். கடைகளில் உட்காரும் உரிமைக்கே தமிழ்நாட்டில் 2021 வரை காத்திருந்தோம். இதற்கும் அத்தனை காலம் காத்திருக்க முடியாது.

தொழிற்சங்கத் தோழர்களே! அடுத்த கோரிக்கைப் பட்டியலை எடுங்கள். இந்த வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். எழுதும்போது பெண் தொழிலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.