பழைய மிஷின் வாள் ஸ்டார்ட் ஆகலையா? கயிறை இழுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்லயோ தோட்டத்துலயோ மரம் அறுக்கிற மிஷின் வச்சிருக்கிறவங்க, அந்த வேலைக்குப் போற அண்ணன் தம்பி இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

போடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த சீசனைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. தென்மேற்குப் பருவமழை இறங்குறதுக்கு முன்னாடி ஏலத்தோட்டத்துல நிழல் மரங்களோட கிளையைக் கழிச்சு விடணும். ஏலச்செடிக்கு நிழலும் வேணும், மழைக்காலத்துல கொஞ்சம் வெளிச்சமும் வேணும். அப்புறம் ஜூன்ல காத்து ஆரம்பிச்சா மரமே சாஞ்சு பாதையில விழும். ஆக, வருஷம் பூரா மூலையில தூசி படிஞ்சு கிடந்த மிஷின் வாளை வெளியில எடுக்கிற நேரம் இது. எடுத்துக் கயிறை இழுப்பாங்க. ஸ்டார்ட் ஆகாது. திரும்ப இழுப்பாங்க. ஆகாது.

இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. மரம் அறுக்கும்போது வெட்டுப்பட்டு வர்றவங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். மிஷினை ரிப்பேர் பார்க்கும்போதே அடிபட்டு வர்றவங்களைப் பத்தி யாரும் பேசுறதில்ல. அதைவிட முக்கியம், அரைகுறையா ரிப்பேர் பண்ணின மிஷினோட மலைக்கு ஏறினவங்க.

ஒருத்தரைப் பத்தி மட்டும் சொல்றேன். அடையாளம் எதுவும் வேண்டாம். காலையில ஜீப் ஏறி மலைக்குப் போய், சாயங்காலம் இறங்கி வர்ற ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தர். மிஷின் அவரோடது இல்ல, தோட்டக்காரரோடது. சீசனுக்கு முன்னாடி ஒரு பட்டறையில கொடுத்து "ஓட்டிக் கொடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. ஓட்டிக் கொடுத்துட்டாங்க. செயின் பிரேக் இறுகிப் போயிருந்ததால அதைக் கழட்டி ஓரமா வச்சிட்டாங்க. பார் நுனி ஒரு கிளையில பட்டு மிஷின் மேல எகிறுனப்போ, செயினை நிறுத்த அங்க ஒண்ணுமே இல்ல. இடது முன்கை. எலும்பு கூடிடுச்சு, தோலும் ஆறிடுச்சு. ஆனா இன்னைக்கும் அவரால சட்டை பட்டனைப் போட முடியாது.

அவர் என்கிட்ட கேட்ட கேள்வி: "மிஷின் நல்லாத்தானே சார் ஓடுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் இதை எழுதுறேன். என் கருத்து இதுதான்: மிஷின் வாள் ஸ்டார்ட் ஆனா ரிப்பேர் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்ல. நிறுத்தச் சொன்ன கணத்துல நிக்குதான்னு பார்க்காம பட்டறையில இருந்து எடுத்துட்டு வரவே கூடாது.

ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டு மேல போறேன். இந்த வாள் முதல்ல மரத்துக்காகச் செஞ்சது இல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில ஜான் ஐட்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரேன்னு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ரெண்டு பேர், எலும்பை அறுக்கப் பல் வச்ச சின்னச் சங்கிலியைக் கையால இழுக்கிற மாதிரி பயன்படுத்தினாங்க. பிரசவத்துல குழந்தை வெளிய வர முடியாம சிக்கினா இடுப்பு எலும்பு இணைப்பைப் பிரிக்கவும் அது உதவுச்சு. 1830 வாக்கில ஜெர்மனியில பெர்ன்ஹார்ட் ஹைனெங்கிறவர் கைப்பிடியைச் சுத்தினா பிளேடைச் சுத்திச் சங்கிலி ஓடுற எலும்பு வாளையே செஞ்சார். படத்தைப் பார்த்தா இன்னைக்கு இருக்கிற மிஷின் வாளோட தாத்தான்னு சொல்லிடலாம். பெட்ரோல்ல ஓடுற ஸ்டீல் கம்பெனி மிஷின் வந்தது 1929ல. ஆக, எலும்பை அறுக்கப் பிறந்த சாமான் இது. நம்ம எலும்பு அதுக்குப் புதுசு இல்ல.

சரி, ஸ்டார்ட் ஆகாத மிஷினுக்கு வருவோம். ரொம்ப நாள் கிடந்த மிஷின்ல டேங்க்ல பழைய பெட்ரோல் இருக்கும். அதை வெளிய எடுக்க ட்யூபை வாயில வச்சு உறிஞ்சுவாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. பெட்ரோல் வயித்துக்குள்ள போறதைவிட நுரையீரலுக்குள்ள போறதுதான் ஆபத்து. ரொம்ப லேசான திரவம், ஒரு இருமலுக்கு வழுக்கிக்கிட்டு மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும். ஒரு வாய் கூட வேண்டாம், கொஞ்சம் போனாலே நுரையீரல் வெந்த மாதிரி ஆகி நிமோனியா வரும். அப்படி நடந்துட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்கும்போது ரெண்டாவது தடவை நுரையீரலுக்குள்ள போகும். இருமலே இல்லாம நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, குறைஞ்சது 6 மணி நேரம் வச்சுப் பார்ப்போம். மிஷினைக் கவுத்துப் பிடிச்சு ஒரு கேன்ல ஊத்துனா வேலை முடிஞ்சது, இதுக்கு எதுக்கு வாய்?

அடுத்தது பிளக். கழட்டி, மிஷின் உடம்புல வச்சு, கயிறை இழுத்து நெருப்புப் பொறி வருதான்னு பார்ப்பாங்க. சோதனை சரிதான். ஆனா பத்து தடவை கயிறை இழுத்து உள்ள பெட்ரோல் தேங்கி நிக்கும்போது, அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே பொறியைக் காட்டினா முகத்துல தீ அடிக்கும். புருவமும் இமைமுடியும் போனதோட தப்பிச்சா அதிர்ஷ்டம். பிளக்கை ஓட்டையை விட்டுத் தள்ளி வச்சுப் பாருங்க, தரையில சிந்தின பெட்ரோலைத் துடைச்சிட்டுப் பாருங்க.

கயிறு அறுந்துட்டா ஸ்டார்ட்டர் மூடியைக் கழட்டுவாங்க. உள்ள சுருண்டு கிடக்கிற தகடு ஸ்பிரிங் ஒரு பாம்பு. விட்டா நேரா முகத்துக்கு வரும். கண்ணுக்குக் கண்ணாடி போடாம அதைத் தொடாதீங்க. வெளிய மழை பெய்யுதுன்னு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு மிஷினை ஓட்டிப் பார்க்கிறதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் கிறுகிறுப்பும்தான் முதல் அறிகுறி.

இனி கோளாறு எங்கன்னு பார்க்கிறது. நான் மெக்கானிக் இல்ல. ஆனா எங்க வேலையும் இதேதான், ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வரணும். முதல்ல சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பாதி நேரம் இதுதான். அப்புறம் பழைய பெட்ரோலைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்துங்க. இப்ப பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல நின்னா தண்ணி பிரிஞ்சு அடியில தங்கும், பழைய மிஷின்ல இருக்கிற ரப்பர் ட்யூபையும் கெடுக்கும். ஒரு மாசத்துக்கு மேல கலவையை வச்சுக்காதீங்க. ஆயில் கலக்குற அளவை மிஷின் புக்ல இருக்கிறபடி பாருங்க: 50க்கு 1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி. கண்ணளவுல ஊத்தி பிஸ்டன் பிடிச்சுப்போன மிஷின் எத்தனையோ.

நாலஞ்சு தடவை இழுத்துட்டு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, நெருப்பு வரல. இல்லன்னா சோக்கை அதிகமாப் பிடிச்சு நிரம்பிடுச்சு. பிளக்கைத் துடைச்சு, சோக்கைத் தள்ளி, பிளக் இல்லாமலே சில தடவை இழுத்துக் காலி பண்ணிட்டு மாட்டுங்க. காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வந்து சேரலன்னு அர்த்தம். டேங்குக்குள்ள கிடக்கிற ஃபில்டர், வெடிச்ச ட்யூப், அப்புறம் கார்பரேட்டர். இந்த மிஷினைத் தலைகீழாப் பிடிச்சாலும் ஓடுறதுக்குக் காரணம், கார்பரேட்டருக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு. பழசானா அது அட்டை மாதிரி விறைச்சிடும். வெறும் கழுவலுக்குச் சரியாகாது, சவ்வு கிட்டை மாத்தணும். ஹெச், எல் ஸ்க்ரூவைத் திருகித் திருகி நாள் பூரா உக்காந்திருக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

ஓடி அஞ்சு நிமிஷத்துல நின்னுடுதா? டேங்க் மூடியைத் தளர்த்துங்க. 'ஸ்ஸ்'ன்னு காத்து உள்ள போய், மறுபடி ஓடுச்சுன்னா டேங்குக்குக் காத்து வர்ற வழி அடைச்சிருக்கு. ஸ்டார்ட் ஆகுது, ஆனா மரத்துல வச்சா இழுவையே இல்லையா? ஏர் ஃபில்டரையும், சைலன்சர்ல கரி அடைச்ச வலையையும் பாருங்க. கயிறைப் பிடிச்சுத் தூக்கினா மிஷின் தொங்காம சரசரன்னு இறங்குதா? கம்ப்ரெஷன் போயிடுச்சு. அதுக்கு மேல செலவு பண்றதை யோசிங்க.

இவ்வளவும் பார்த்து மிஷின் ஓடிடுச்சுன்னு வைங்க. பட்டறையில எல்லாரும் கை தட்டுற இடம் இது. எனக்கு வயித்துல புளி கரைக்கிற இடமும் இதுதான்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் செயின் நிக்கணும். ஐட்லிங்ல ஊர்ந்துக்கிட்டே இருந்தா ஐட்லிங் அதிகமா இருக்கு, இல்ல கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னு ஐட்லிங் ஸ்க்ரூவை ஏத்தி வச்சு "ஓட்டிக்" கொடுத்த மிஷின்ல இது சகஜம். ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சு, முழு வேகத்துல ஒரு நொடி விட்டு, இடது கை மணிக்கட்டால முன்னாடி இருக்கிற கார்டைத் தள்ளுங்க. செயின் அந்த நொடியே நிக்கணும். அதுதான் செயின் பிரேக். மேல் கைப்பிடி பூட்டை அழுத்தாம ஆக்சிலரேட்டர் அமுங்கக் கூடாது. செயின் அறுந்தா பிடிக்கிற கொக்கி கீழ இருக்கணும். ஆஃப் சுவிட்ச் போட்டா ஆஃப் ஆகணும். சோக்கை இழுத்து நிறுத்துற மிஷின்களை நான் பார்த்திருக்கேன்.

பார் நுனியோட மேல் கால்பகுதி எதுலயாவது பட்டா, மிஷின் உங்க முகத்தைப் பார்த்து எகிறும். செயின் ஒரு நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்துல ஓடுது. கை சுதாரிக்கிறதுக்குள்ள கழுத்துக்கு வந்திடும். அந்த இடைவெளியில நம்மளக் காப்பாத்துறது பிரேக் மட்டும்தான். செயின் பல்லுக்கு முன்னாடி இருக்கிற சின்ன மேட்டை "நல்லா கடிக்கட்டும்"னு அரத்தால அதிகமா ராவிடுவாங்க. அது இந்த எகிறலை இன்னும் மோசமாக்கும்.

கத்தி வெட்டுன்னா தோலைச் சேர்த்துத் தைச்சிடலாம். இந்த வாள் தோலையும் தசையையும் கிழிச்சு எடுத்துட்டுப் போயிடுது. மரத்தூள், செயின் ஆயில் எல்லாம் உள்ள போயிடுது. நரம்பும் தசைநாரும் ரெண்டு முனையிலயும் பிஞ்சு கிடக்கும், எதை எதோட சேர்க்கிறது?

"சார், பழைய மாடலுக்குப் பிரேக் பார்ட்ஸ் கிடைக்கல"ன்னு மெக்கானிக் தம்பிங்க சொல்வாங்க. உண்மைதான். அவங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், கேட்டதைத்தான் செஞ்சு கொடுக்கிறாங்க. என் கோபம் மிஷினோட சொந்தக்காரங்க மேல. பிளக்குக்கும் கார்பரேட்டருக்கும் காசு கொடுக்கிறீங்க, ஏன்னா அது இல்லன்னா வேலை நடக்காது. பிரேக் பேண்டுக்குக் கொடுக்க மனசு வரல, ஏன்னா அது இல்லாமலும் வேலை நடக்குது. அந்த வேலையைச் செய்யறது உங்க கை இல்லையே. பார்ட்ஸ் கிடைக்காத மிஷினைத் தயவுசெஞ்சு எடைக்குப் போடுங்க. பிரேக்கே இல்லாம வந்த ரொம்பப் பழைய மிஷினையும்தான். அதுல அதிர்வைத் தாங்குற ரப்பரும் இருக்காது. வருஷக்கணக்குல பிடிச்சா விரல் மரத்து, குளிர்ல வெளுத்துப் போகும். 1918லயே அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், காத்து சுத்தியல் பிடிச்ச கல் தச்சர்கள்கிட்ட இதைப் பார்த்து எழுதியிருக்காங்க. போடிமெட்டுக் குளிர்ல காலையில விரல் வெளுக்குதுன்னு சொல்றவங்களை "ரத்தம் கம்மி"ன்னு டானிக் கொடுத்து அனுப்பாதீங்க, என்ன மிஷின் பிடிக்கிறீங்கன்னு கேளுங்க. இது சக டாக்டர்களுக்கு.

வேலைக்குப் போற அண்ணன்மாருக்கு: மிஷினைக் கையில தொங்கவிட்டுக் கீழ வீசி ஸ்டார்ட் பண்றதை விடுங்க. தரையில வச்சு, பின் கைப்பிடிக்குள்ள வலது கால் நுனியை அழுத்தி, பிரேக்கைப் போட்டுட்டுக் கயிறை இழுங்க. கால் கவசம் கேட்டு வாங்குங்க, அதுல இருக்கிற நாரை இழுத்துக்கிட்டு செயின் சிக்கி நின்னுடும். பிரேக் வேலை செய்யாத மிஷினைக் கொடுத்தா வாங்காதீங்க. சொல்றது சுலபம், அன்னைக்குக் கூலி போகும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் மேல சொந்தக்காரங்ககிட்ட அவ்வளவு பேசினேன்.

வெட்டுப்பட்டுட்டா காபித்தூள், மஞ்சள், மூக்குப்பொடி எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை மடிச்சு, காயத்து மேலயே வச்சு, விடாம அழுத்துங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. அழுத்தியும் ரத்தம் பீச்சி அடிச்சா, காயத்துக்கு மேல அகலமான துணியால இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை எழுதி வைங்க. மெல்லிய கயிறு, கம்பி வேண்டாம். விரல் துண்டாயிட்டா ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணியில வைங்க. விரல் நேரடியா ஐஸ்ல படக்கூடாது. தடுப்பூசி கடைசியா எப்ப போட்டீங்கன்னு யோசிச்சு வைங்க, அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா டெட்டனஸ் ஊசி மறுபடி போடணும்.

மலையில இருந்து இறங்க 17 கொண்டை ஊசி வளைவு இருக்கு. 108க்கு ஃபோன் பண்ணுங்க, வண்டி வர நேரமாகும்னா ஜீப்லயே கிளம்பிடுங்க. ஒருத்தர் வண்டி ஓட்டணும், இன்னொருத்தர் போடி வர்ற வரைக்கும் அந்தத் துணியில இருந்து கையை எடுக்கக் கூடாது.