கரையும் கலிங்கும்

நீரைக் காட்டி மாந்தர்க்கு அறிவுரை கூறுவோர் இரு திறத்தார். துளித்துளியாய் வீழ்ந்து பாறையையும் தேய்க்கும் அதன் விடாமுயற்சியைப் போற்றுவோர் ஒரு திறத்தார். பள்ளம் கண்ட இடத்தே பணிந்து செல்லும் அதன் இசைவைப் போற்றுவோர் மற்றொரு திறத்தார். பேராற்று நீரின் வழியே செல்லும் மிதவையை உயிர்வாழ்வுக்கு உவமை கூறிய கணியன் பூங்குன்றனார் பின்னவர்க்கு முன்னோடி. இவ்விரண்டனுள் நாம் எதனைக் கொள்வது?

இவ்வினாவிற்கு விடை பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உண்டு. ஏரி கண்ட நம் முன்னோர் நீரைத் தேக்கக் கரை எழுப்பினர். மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கும் அமைத்தனர். கரை என்பது உறுதி; கலிங்கு என்பது விட்டுக்கொடுத்தல். கரையில்லா ஏரி நீரின்றிக் கிடக்கும். கலிங்கில்லா ஏரி உடைப்பெடுத்து ஊரை அழிக்கும். அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரியைச் சேர்வதும் இவ்வமைப்பினால் அன்றோ!

செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடிக் கொள்ளளவும் உடையது. 2015 டிசம்பர் 1 ஆம் நாள் பெருமழையில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின. முன்னரே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா என்னும் வினா அன்று எங்கும் எழுந்தது. பின்னர் 2018இல் பருவமழை பொய்த்தது; 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு இரயிலில் குடிநீர் வந்தது. காலத்தே விடுதலும் வேண்டும், காலத்தே காத்தலும் வேண்டும் என்பதை நான்கே ஆண்டுகளில் ஓர் ஏரி நமக்கு உணர்த்திவிட்டது.

இன்று நாம் இளைஞர்க்குக் கரை கட்ட மட்டுமே கற்பிக்கின்றோம். ‘விடாதே, தளராதே’ என்று வீட்டிலும் வகுப்பிலும் ஓதுகின்றோம். விரும்பிய படிப்பில் இடம் கிட்டாத மாணவன், வாழ்வே முடிந்ததென உள்ளம் உடைவது எதனால்? அவன் நெஞ்சில் நாம் கலிங்கு அமைக்கவில்லை. விட்டுக்கொடுத்தல் தோல்வி எனக் கற்பித்தோர் நாமே.

கலிங்கைத் தாண்டும் நீர் தோற்றோடுவதில்லை. அடுத்த ஏரியை நாடிச் செல்கின்றது. வழியை மாற்றிக்கொள்வது குறிக்கோளைக் கைவிடுவதாகாது. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு ஊக்கம் ஊட்டுக. அதனோடு, வேறு வழியும் உண்டென்னும் தெளிவையும் ஊட்டுக. கரை உயர உயரக் கலிங்கின் தேவையும் உயரும் என்பதை மறவாதிருப்போமாக!